தம்போராவா, பண்டா ஆபியா, கெலிமுத்துவா?

அத்தை மகன் ஒருவன் போன மாதம் போன் செய்தான். ஆபீஸில் 12 நாள் லீவு சேர்ந்திருக்கிறதாம். இந்தோனேசியாவில் ஓர் எரிமலை ஏற வேண்டுமாம். "புரோமோ வேண்டாம், ஈஜென் வேண்டாம், அங்கெல்லாம் ஊர்ப்பட்ட கூட்டம். எட்டாக்கையில் இருக்கிற தீவாகப் பார்த்துச் சொல்லு" என்றான். வயது 41. வெள்ளியங்கிரி இரண்டு முறை ஏறியவன். ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது வலது முழங்கால் கெஞ்சும்.

அந்தப் பக்கத் தீவுகளில் நான் சில முறை சுற்றியிருக்கிறேன் என்பதால் என்னைப் பிடித்தான். இரண்டு வாரம் வாட்ஸ்அப்பில் இழுத்த பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் கழித்துக்கட்டிய மலைகளைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவன் அனுப்பிய பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருந்தவை அவைதான்.

ஒன்று, ஹல்மஹேரா தீவின் டுகோனோ. 1933 முதல் விடாமல் சாம்பல் கக்கிக்கொண்டிருக்கும் மலை. அதன் விளிம்பில் நின்று எடுத்த வீடியோக்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவன் மயங்கியதும் அவற்றைப் பார்த்துத்தான். 2024 ஆகஸ்டில் அங்கே ஏறிய கூட்டம், பின்னால் கரும்புகை எழ, பின்னங்கால் பிடரியில் பட ஓடிவந்த காட்சியும் ட்ரோனில் பதிவாகி உலகம் சுற்றியது. அதை அவன் பார்க்கவில்லை. இரண்டு, லெம்பாட்டா தீவின் இலே லெவோதோலோக். 1,423 மீட்டர். ஒரு காலத்தில் இரவில் ஏறி விடியலுக்கு உச்சியில் நிற்பது அங்கே சாதாரணம். 2020 நவம்பரில் பெரிதாக வெடித்த பிறகு அந்தக் காலம் போய்விட்டது.

இந்தோனேசியாவில் உயிரோடு இருக்கும் எரிமலைகள் 120-க்கு மேல். அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் ஒரு நிலையைச் சொல்கிறது: நார்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். கூடவே, எரிமலை வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்பதும் வரும். மாக்மா இந்தோனேசியா என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பலர் நிலையின் பெயரைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது படிதானே, பரவாயில்லை" என்று கிளம்பிவிடுகிறார்கள். சுமத்ராவின் மராபி மலையும் (ஜாவாவின் மெராபி வேறு) 2023 டிசம்பரில் அந்த இரண்டாவது படியில்தான் இருந்தது. 3 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஏறியவர்களில் 24 பேர் திரும்பவில்லை. உள்ளூரில் 'நான் கூட்டிப்போகிறேன்' என்று ஆள் கிடைப்பது வேறு, அனுமதி கிடைப்பது வேறு. படியின் பெயரைவிட அந்தக் கிலோமீட்டர் கணக்குதான் முக்கியம்.

சரி, கழித்ததுபோக மூன்று மிஞ்சின. சும்பாவாவின் தம்போரா, பண்டா கடலின் பண்டா ஆபி, புளோரஸின் கெலிமுத்து. மூன்றுக்கும்கூட டிக்கெட் போடும் முன்பும், மலையடிவாரம் போன பிறகும், அன்றைய நிலையைப் பார்த்தே ஆக வேண்டும்.

தம்போராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1815 ஏப்ரல் 10 இரவு அது வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய எரிமலை வெடிப்பு இல்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு முதல் சத்தம் கேட்டபோது, ஜாவாவில் இருந்த ஆங்கிலேயர்கள் எங்கோ பீரங்கி சுடுகிறார்கள் என்று நினைத்துப் படையை அனுப்பினார்கள். அப்போது அங்கே துணை ஆளுநர் ராஃபிள்ஸ், பிறகு சிங்கப்பூரில் கொடி நட்ட அதே ஆள். 4,000 மீட்டருக்கு மேல் நின்றிருந்த மலை, வெடித்து ஓய்ந்தபோது மேல்பகுதியை இழந்திருந்தது. இன்றைக்கு அதன் உச்சி சுமார் 2,850 மீட்டர். அடிவாரத்தில் இருந்த தம்போரா, பெக்காத் என்ற இரண்டு சிற்றரசுகள் ஆட்களோடும் மொழியோடும் புதைந்துபோயின. வானத்தில் பரவிய கந்தகத் தூசியால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. 2004-ல் தோண்டியபோது சாம்பலுக்கு அடியில் கரிந்துபோன ஒரு வீடு, அதற்குள் இருந்தவர்களோடு, அப்படியே கிடைத்தது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு ஏறினால்தான் தம்போரா தம்போரா. தெரியாமல் ஏறுகிறவனுக்கு அது ஒரு நீளமான, ஈரமான காட்டு நடை, அவ்வளவுதான்.

வழக்கமான பாதை பஞ்சசீலா என்ற ஊரிலிருந்து தொடங்குகிறது. ஊரின் பெயரே அதுதான், அந்நாட்டின் ஐந்து கொள்கைகளின் பெயர். சுற்றிலும் காப்பித் தோட்டம். அங்கிருந்து ஐந்து 'போஸ்'களைக் கடந்து மேலே போக வேண்டும். போஸ் என்றால் தங்குமிடம். பெரும்பாலோர் மூன்றாவது போஸில் கூடாரம் போடுகிறார்கள். ஏற்றம் மொத்தமாக ஏறத்தாழ 2,000 மீட்டர். மழைக்காலத்தில் அட்டை. எல்லாக் காலத்திலும் ஜெலாத்தாங் என்ற செடி, நம்மூர்க் காஞ்சொறியின் பெரியப்பா. முழுக்கைச் சட்டை போடாமல் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். முன்கை ராத்திரி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி எரிந்தது.

ஆனால் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தால் மறுபேச்சில்லை. காடு சட்டென்று முடிந்து மணலும் சாம்பலுமாக ஒரு மேடு. அதைத் தாண்டியதும் காலடியில் நிலம் இல்லை. 6 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளம். கால்டெரா என்று சொல்லும் பெருவாய். எதிர்ச்சுவர் வேறொரு நாடு மாதிரி தூரத்தில் தெரியும். அடியில் சின்னதாகப் புகை. ஒரு மலை இருந்த இடத்தில் இப்போது இருக்கிற இல்லாமையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. விடியலில் மேற்கே லோம்போக்கின் ரிஞ்சானி நிழலாகத் தெரிந்தது. அந்த உயரத்தில் விடியற்காலைக் குளிர் விளையாட்டில்லை. சென்னைக்காரர்கள் 'இந்தோனேசியாதானே' என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போவார்கள், அது வேண்டாம்.

முழங்காலுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. தெற்கே டோரோ ன்சாங்கா என்ற பக்கத்திலிருந்து, புல்வெளி வழியாக, ஜீப்பிலேயே மலையின் பெரும்பகுதி ஏறிவிடலாம். மிச்சம் கொஞ்ச நடைதான். அதில் போனாலும் பள்ளம் அதே பள்ளம்தான். ஆனால் அவன் "ஜீப்பில் போய்விட்டு ஏறினேன் என்று எப்படிச் சொல்வது" என்று கேட்டான். நியாயம்தான்.

தம்போராவின் தொல்லை மலையில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது. பாலியிலிருந்தோ லோம்போக்கிலிருந்தோ பீமாவுக்கு விமானம். அங்கிருந்து டொம்பூ வழியாக மலையடிவாரத்துக்கு அரை நாளைத் தின்னும் சாலை. போக ஒரு நாள், மலையில் மூன்று நாள், வர ஒரு நாள். மழை பிடித்துக்கொண்டால் டொம்பூவில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். பேசி வைத்த வண்டி வராமல் நான் அங்கே இரண்டு நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். டொம்பூவில் குறை ஒன்றும் இல்லை, நல்ல ஊர்தான். ஆனால் பயணிக்கு அங்கே வேலை இல்லை.

பண்டா ஆபி இதற்கு நேர் எதிர். உயரத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்: சுமார் 640 மீட்டர். அவனும் சிரித்தான். "திருவண்ணாமலையே அதைவிட உசரம் இல்லையா?" உண்மைதான், அண்ணாமலை அதைவிட உயரம். ஆனால் பண்டா ஆபியில் ஏற்றம் கடல்மட்டத்திலிருந்து, படகை விட்டு இறங்கிய இடத்திலிருந்து தொடங்குகிறது. பாதை என்று நாசூக்காகச் சொல்லலாம். நேராக மேலே போகும் ஒரு கோடு அது. வளைவு, நெளிவு, இளைப்பாற ஒரு சமதளம், எதுவும் கிடையாது. கீழ்ப்பாதியில் மரவேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். மேல்பாதி சரளை. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். முன்னால் போகிறவர் உருட்டிவிடும் கல்லுக்குப் பின்னால் வருகிறவர் விலக வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிக்குள் இருக்கிற இடம் என்பதால் ஏழு மணிக்கே வெயில் மண்டையில் இறங்கும். வழியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. விடிவதற்கு முன் படகேறி, ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்கிக்கொண்டு போவதுதான் சரி. ஏற இரண்டரை மணி நேரம் பிடித்தது. இறங்க அதில் முக்கால்வாசி, ஆனால் அவஸ்தை இரண்டு மடங்கு.

உச்சியில் தரை சுடும். பாறை இடுக்குகளில் ஆவி வரும், கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும். உட்காருவதற்கு முன் கையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். கீழே பார்த்தால் எதிரே நெய்ரா தீவு, அதன் சின்ன விமான ஓடுதளம், 1611-ல் டச்சுக்காரர்கள் கட்டிய ஐந்து மூலைக் கோட்டை, அப்பால் பிறைபோல வளைந்த பெரிய பண்டா. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஊர் முழுக்கத் தெரியும்.

இந்த மலை கடைசியாக வெடித்தது 1988 மே மாதம். தீவில் குடியிருந்தவர்களைப் படகுகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். எரிகுழம்பு ஓடிப்போய்க் கடலில் விழுந்து, அங்கிருந்த பவளப்பாறைகளைப் பொசுக்கிவிட்டது. ஆனால் அதே குழம்பு ஆறிக் கெட்டியான பாறை மீது சில ஆண்டுகளிலேயே புதுப் பவளம் முளைத்தது. மேஜை மேஜையாக, கடல் உயிரியலாளர்கள் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு. காலையில் மலையில் ஏறி, மத்தியானம் அதே மலையின் குழம்பு மேல் மிதந்து மீன் பார்க்கலாம். கரையிலிருந்து சில அடி நீந்தினால் போதும். இதைச் சொன்னதும் போனில் சத்தம் இல்லை. அப்புறம் மெதுவாக, "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றான்.

பண்டாவுக்குப் போவதுதான் பெரும்பாடு. ஜகார்த்தாவிலிருந்தோ மக்காசரிலிருந்தோ அம்போனுக்கு விமானம். அம்போனின் துலேஹு துறையிலிருந்து விரைவுப் படகு, சுமார் ஆறு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு தடவை போல. அரசின் பெல்னி கப்பல் சில வாரங்களுக்கு ஒருமுறை வரும். கையளவு பேர் உட்காரும் சின்ன விமானமும் உண்டு, அது பறந்தால் பறந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிக்கும், ஜனவரி, பிப்ரவரியிலும் அப்படித்தான். அப்போது படகு நின்றுவிடும். செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, அப்புறம் மார்ச், ஏப்ரல், இவைதான் காலம்.

நான் போனது தப்பான காலத்தில். திரும்ப வேண்டிய படகு அலையால் ரத்து. மூன்று நாள் நெய்ராவில் மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்தில் நல்ல நாட்கள் அந்த மூன்றும்தான்.

ஜாதிக்காய் தெரியும் அல்லவா, பிரியாணியில் ஒரு துருவல் போடுவோமே, குழந்தைக்கு வயிற்றுக்கு இழைத்துக் கொடுப்பார்களே, அது பிறந்த ஊர் இது. 18-ஆம் நூற்றாண்டு வரை அது உலகச் சந்தைக்கு வந்ததே இந்தக் குட்டித் தீவுகளிலிருந்து மட்டும்தான். அதைப் பிடிக்கத்தான் 1621-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு வந்து, தீவு மக்களில் பெரும்பகுதியைக் கொன்றும் பட்டினி போட்டும் நாடு கடத்தியும் ஒழித்தான். இதே கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கியது எதற்கு? இந்தப் பக்கத் தீவுகளில் மசாலாவுக்கு மாற்றாகக் கொடுக்கத்தான். கிழக்குத் தீவுகளில் வெள்ளிக் காசைவிட நம் கரைத் துணிக்கு மவுசு அதிகம். மேற்கே கொஞ்ச தூரத்தில் ருன் என்ற தீவு. 1667-ல் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர்கள் ருன்னை டச்சுக்காரர்களுக்கு விட்டுவிட்டு, அந்தப் பக்கம் மன்ஹாட்டனை வைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் ஜாதிபத்திரி சிவப்பாகக் காய்கிறது. அந்த வாசனை தெருவிலேயே நடமாடும். காயின் சதையில் ஜாம் செய்து ரொட்டிக்குத் தருகிறார்கள், கொஞ்சம் புளிப்பு. கத்தரிக்காயை, பாதாம் மாதிரியான கெனாரிக் கொட்டையின் விழுதில் போட்டு ஒரு குழம்பு. நான் மூன்று நாளும் அதைத்தான் சாப்பிட்டேன். பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் துணை அதிபரான ஹத்தாவை டச்சுக்காரர்கள் 1936-ல் இங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள், ஆறு வருடம். அவர் இருந்த வீடு இன்னும் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெஞ்சுகளோடு.

கெலிமுத்துவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1,639 மீட்டர், உச்சியில் மூன்று ஏரிகள், மூன்றும் மூன்று நிறம். அடியிலிருந்து வரும் வாயுவும் தாதுக்களும் மாற மாற நிறமும் மாறும், ஒன்றைக் கேட்டு ஒன்று மாறுவதில்லை. உள்ளூர் லியோ மக்களுக்கு அவை செத்தவர்களின் ஆவி போய்ச் சேரும் இடம்: வயதானவர்களுக்கு ஒன்று, இளசுகளுக்கு ஒன்று, கெட்டவர்களுக்கு ஒன்று. மோனி என்ற ஊரில் தங்கி விடியற்காலை நாலரைக்கு வண்டியில் கிளம்பினால், நிறுத்துமிடத்திலிருந்து அரை மணி நேர நடை, பாதிக்கு மேல் படிக்கட்டு. மேலே ஒரு பாட்டி இஞ்சிக் காப்பி விற்பார். அழகுதான், சந்தேகமே இல்லை. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, குழந்தைகள் வருகிறார்களா, இதற்கே போங்கள், வேறு யோசனையே வேண்டாம். ஆனால் இதை எரிமலை ஏறியதாகக் கணக்கில் வைக்க முடியாது. இன்னொன்று, புளோரஸின் கிழக்கே இருக்கும் லெவோதோபி 2024 நவம்பரில் உயிர்ப்பலி வாங்கியபோது பாலி விமானங்களே ரத்தாயின. அந்தத் தீவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் அந்த மலையின் நிலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செலவை அவன் கடைசியில்தான் கேட்டான். விசா விமான நிலையத்திலேயே கிடைக்கும், 5 லட்சம் ரூபியா, 30 நாள். மலைக்கென்று பார்த்தால் தம்போராவில் வழிகாட்டி, சுமை தூக்குகிறவர், கூடாரம், மூன்று நாள் சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். நாலு பேராகப் போனால் தாங்கும், தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. பண்டாவில் மலைச்செலவு என்பது ஒரு படகும் அரை நாளைக்கு ஒரு வழிகாட்டியும்தான், ஆனால் அங்கே மிச்சமாவது அம்போன் விமான டிக்கெட்டில் போய்விடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் எங்கே போனாலும் சம்பலில் தெராசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது, கண்ணுக்குத் தெரியாது. டெம்பேவும் (சோயாவைப் புளிக்கவைத்த கட்டி) சோறும் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

அப்படியானால் அவனுக்கு எது? உடம்பில் தெம்பும் கூட நாலு பேரும் இருந்தால், மே முதல் அக்டோபருக்குள் ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால், தம்போரா. மூன்றில் பெரிய அனுபவம் அதுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் அவன் தனியாகப் போகிறான். முழங்கால் வேறு. 2,000 மீட்டர் இறக்கத்தில் இரண்டாம் நாள் அது வீங்கினால், காட்டுக்குள் மூன்றாவது போஸில் அவனை யார் தூக்குவது? பண்டா ஆபியின் இறக்கம் அதைவிட மோசமான இறக்கம்தான், ஆனால் 640 மீட்டரோடு முடிந்துவிடும். இரண்டு ஊன்றுகோல், தோல் கையுறை, நீளமான பேன்ட், இவை இருந்தால் மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்தாவது வந்துவிடலாம். முக்கியமாக, இந்தமாதிரித் தீவுகளில் எப்படியும் ஒருமுறை மாட்டிக்கொள்வோம். படகு நிற்கும், விமானம் பறக்காது, மலையை மூடுவார்கள். மூடினால் டொம்பூவில் என்ன செய்வாய், நெய்ராவில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு அம்போன் டிக்கெட் போட்டிருக்கிறான். திரும்பும் விமானத்துக்கு முன்னால் மூன்று நாள் காலியாக விடச் சொன்னேன், இரண்டு விட்டிருக்கிறான். தினமும் சாயங்காலம் கார்ப்பரேஷன் நீச்சல் குளத்தில், எட்டு வயதுப் பொடியன்களோடு ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைக்கிறானாம்.